கோலூன்றித் தாண்டும் சாம்பியன் எப்படி உருவாகிறார்? காரைக்குடிப் பக்கத்திலிருந்து எப்படித் தொடங்குவது?

பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகனுக்கு 13 வயது, 45 கிலோ. நீளம் தாண்டுதலில் நன்றாக வருகிறான். உலக சாதனையாளர் டூப்ளாண்டிஸின் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து கோலூன்றித் தாண்டுதல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். மூங்கில் ஒன்றை வெட்டி வந்து பள்ளி மணல் குழியில் தாண்டவும் ஆரம்பித்துவிட்டான். இந்த சாம்பியன்கள் எந்த வயதில், எப்படி வளர்ந்தார்கள்? இங்கே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? ஆபத்து எவ்வளவு?

அம்மா, முதலில் அந்த மூங்கிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் ஆசையில் தவறில்லை. கார்னீலியஸ் வார்மர்டாம் என்ற அமெரிக்கர் 1942-ல் மூங்கில் கோலால் 4.77 மீட்டர் தாண்டினார். அந்த உலக சாதனை 15 ஆண்டுகள் நின்றது. ஆனால் அவர் பயன்படுத்தியது தேர்ந்தெடுத்து, கணுவுக்குக் கணு டேப் சுற்றிய கோல். நம் பக்கம் வேலிக்கும் பந்தலுக்கும் வெட்டும் மூங்கில் காய்ந்ததும் நீளவாக்கில் விரியும். வெளியே தெரியாத விரிசல், பாரம் ஏறும் நொடியில் சிலாம்பாகப் பிளந்து உள்ளங்கையிலும் தொடையிலும் ஏறும். அதனால் மூங்கிலைக் கையில் பிடித்து ஓடப் பழகட்டும், கோலை இறக்கும் பயிற்சி செய்யட்டும். அதில் தொங்கித் தாண்ட வேண்டாம். அலுமினியக் குழாய், இரும்புக் குழாய் இரண்டும் கூடவே கூடாது. மடங்கிய குழாய் நிமிராது, மடங்கிய இடத்திலேயே முறியும்.

சாம்பியன்களின் கதைக்கு வருவோம். வெளியே இருந்து பார்ப்பவர்கள் கிராஸ்பார் (தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பி) எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பயிற்சியாளர்கள் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை: மேல் கை கோலில் எவ்வளவு உயரத்தில் பிடித்திருக்கிறது, கோல் எவ்வளவு விறைப்பு. ஒரு வீரரின் 15 ஆண்டு வாழ்க்கையை ஒரே வரியில் எழுதச் சொன்னால், ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் மேலே பிடித்தார், கொஞ்சம் விறைப்பான கோலுக்கு மாறினார் என்றுதான் எழுத வேண்டும். அந்த உரிமையை அவருக்குத் தந்தது ஓட்ட வேகம்.

செர்கேய் பூப்கா 1963-ல் உக்ரைனின் லுகான்ஸ்க் நகரில் பிறந்தவர். சிறுவனாக விட்டாலி பெட்ரோவ் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். பெட்ரோவ் டோனெட்ஸ்க் நகருக்கு மாறியபோது, 15 வயதில் இவரும் கூடவே போனார். 1983-ல் ஹெல்சிங்கியில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில், 19 வயதில், பெரிதாகப் பெயர் தெரியாத பையனாக வந்து 5.70 தாண்டித் தங்கம் வாங்கினார். 1985 ஜூலையில் பாரிஸில் 6 மீட்டரைத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். உலக சாம்பியன்ஷிப்பில் தொடர்ந்து ஆறு தங்கம், மொத்தம் 35 உலக சாதனைகள். அரங்குக்குள் 6.15 (1993), திறந்த வெளியில் 6.14 (1994). அத்தனை பெரிய வீரருக்கு ஒலிம்பிக்கில் கிடைத்தது 1988 சியோல் தங்கம் ஒன்றுதான். 1992 பார்சிலோனாவில் ஓர் உயரம்கூடத் தாண்டாமல் வெளியேறினார். 1996-ல் குதிகால் காயத்தால் போட்டியிடவே முடியவில்லை. 2000 சிட்னியிலும் உயரம் பதிவாகவில்லை. இந்த ஆட்டத்தில் எவ்வளவு பெரியவரும் மூன்று முயற்சி தவறினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். தம்பிக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

யெலேனா இசின்பயேவாவின் பாதை வேறு மாதிரி. வோல்கோகிராடில் ஐந்து வயதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். 15 வயதில் அந்த ஆட்டத்துக்கு உயரம் அதிகம் என்று ஆகிவிட, கோலூன்றித் தாண்டுதலுக்கு மாறினார். 1998-ல் உலக இளையோர் விளையாட்டில் 4.00 மீட்டர் தாண்டி வென்றார். பத்து வருடம் கம்பியில் தொங்கித் தலைகீழாகப் பழகிய உடல் என்பதால்தான் அது அவ்வளவு சீக்கிரம் நடந்தது. 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கங்கள். 2005 ஜூலையில் லண்டனில், 5 மீட்டரைத் தாண்டிய முதல் பெண். 2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப்பில் ஓர் உயரமும் தாண்டாமல் போனவர், 11 நாள் கழித்து சூரிச்சில் 5.06 தாண்டி உலக சாதனை படைத்தார்.

தம்பியின் நாயகன் அர்மான்ட் டூப்ளாண்டிஸ் 1999-ல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தார். அப்பா கிரெக், 5.80 மீட்டர் தாண்டிய வீரர். அம்மா ஹெலெனா ஸ்வீடனைச் சேர்ந்த ஹெப்டத்லான் (ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்தது) வீராங்கனை. வீட்டுக் கொல்லையிலேயே ஓடிவரும் ரன்வேயும், தாண்டி விழும் மேட்டும் (தடித்த ஃபோம் மெத்தை) இருந்தன. நான்கு வயது வாக்கில் தொடங்கினார். 2015-ல் உலக இளையோர் போட்டியில் 5.30, 2017-ல் 5.90, 2018-ல் பெர்லினில் 6.05 தாண்டி ஐரோப்பிய சாம்பியன். 2020 பிப்ரவரியில் 6.17 தாண்டி முதல் உலக சாதனை, ஒரு வாரத்தில் 6.18. அதன் பிறகு சென்டிமீட்டர் சென்டிமீட்டராக ஏறி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 6.25, 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30. கொல்லையில் மேட் இருந்ததைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அவருடைய கால்கள். 2024-ல் சூரிச்சில் 400 மீட்டர் தடை ஓட்ட உலக சாதனையாளர் கார்ஸ்டன் வார்ஹோமுடன் 100 மீட்டர் ஓடி, 10.37 வினாடியில் அவரை முந்தினார். பள்ளி நாட்களில் 7 மீட்டருக்கு மேல் நீளம் தாண்டியவர். ஆக உங்கள் மகன் நீளம் தாண்டுதலில் இருந்து வருவது மிக நல்ல வாசல்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். வினாடிக்கு 10 மீட்டர் ஓடும் ஒருவருடைய வேகம் முழுவதையும் உயரமாக மாற்றினால் சுமார் 5.1 மீட்டர் கிடைக்கும். நிற்கும்போதே உடலின் எடைமையம் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 6.1. மிச்சம் இருப்பது தோளும் கையும் வயிறும் செய்யும் வேலை. கோல் சக்தியை உண்டாக்குவதில்லை. ஓட்டத்தில் இருப்பதை வளைந்து வாங்கி வைத்து, நிமிரும்போது திருப்பித் தருகிறது. அதே கணக்கில் வினாடிக்கு 7 மீட்டர் ஓடும் பையனுக்கு சுமார் 3.5 மீட்டர்தான் வரம்பு. எனவே அவனுக்கு முதல் இரண்டு வருடம் உயரத்தின் மேல் கண் வேண்டாம். கிரவுண்டில் 20 மீட்டர் ஓடி வேகம் எடுக்கச் சொல்லி, அடுத்த 20 மீட்டருக்கு மட்டும் ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். 2.8 வினாடி என்றால் வினாடிக்கு 7 மீட்டர் சொச்சம். 2.5 என்றால் 8 மீட்டர். மாதம் ஒருமுறை இதை நோட்டில் எழுதி வைத்தால், எந்தக் கோப்பையையும் விட அது அவன் வளர்ச்சியைச் சரியாகக் காட்டும்.

வாரத் திட்டம் என்று கேட்டால், 13 வயதுக்கு ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். இரண்டு நாள் வேகம்: 30 மீட்டர் முழு வேகத்தில் நான்கிலிருந்து ஆறு முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நிமிடம் முழு ஓய்வு. மூச்சு வாங்க வாங்க ஓடினால் அது வேகப் பயிற்சியாக இருக்காது, களைப்புப் பயிற்சியாகிவிடும். நம் ஊர்க் கிரவுண்டுகளில் பெரும்பாலும் நடக்கும் தவறு இதுதான், எல்லாப் பிள்ளைகளையும் நான்கு ரவுண்டு ஓடவிட்டுத்தான் எதையும் தொடங்குகிறார்கள். இரண்டு நாள் கம்பி வேலை: சின்-அப் 5 வீதம் மூன்று முறை, தொங்கிக்கொண்டு கால் விரலைக் கம்பிக்குக் கொண்டுபோவது 6 வீதம் மூன்று முறை, சுவரோரம் கைகளில் தலைகீழாக 20 வினாடி நிற்பது, கயிறு ஏறுவது. மல்லர் கம்பம் சொல்லித் தருபவர் பக்கத்தில் யாராவது இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். தலைகீழாக இருக்கும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்று தெரிவதுதான் இந்த ஆட்டத்தில் பாதி, அதை மல்லர் கம்பத்தைப் போல வேறொன்று கற்றுத் தராது. மீதி ஒரு நாள் கோல் பயிற்சி. நீளம் தாண்டுதலை நிறுத்த வேண்டாம். கோடையில் எல்லாமே காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடியட்டும், அல்லது மாலை ஐந்துக்கு மேல். நம் பக்கத்துச் செம்மண் தரை சூடேறினால் கானல் கண்ணைக் கூச வைக்கும், கை வியர்த்துப் பிடியும் வழுக்கும்.

இனி கோலைப் பிடிக்கும் முறை. நீளம் தாண்டும்போது எந்தக் காலால் உந்துகிறானோ அதுதான் இங்கேயும் உந்தும் கால். இடது காலால் உந்தினால் வலது கை மேலே. இரண்டு கைக்கும் நடுவில் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், 45-லிருந்து 60 சென்டிமீட்டர். கோலைச் செங்குத்தாக நிறுத்தி, பக்கத்தில் நிமிர்ந்து நின்று, மேல் கையை முழுதாக நீட்டி எட்டும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். இது எட்டும் பிடி. மணல் குழியில் முதல் சில வாரம் இதற்கு மேல் கை போகக் கூடாது.

மணல் குழிப் பயிற்சிக்கு வளையாத ஒரு குட்டைக் கோல் போதும், மூன்று மீட்டர் ஃபைபர் கோல் நல்லது. குழியை மண்வெட்டியால் ஒரு முழ ஆழத்துக்குக் கிளறிவிடுங்கள். மழை பெய்து காய்ந்த மணல் சிமென்ட் போல இறுகியிருக்கும், அதில் இறங்கினால் குதிகால் போய்விடும். கருவேல முள், பாட்டில் ஓடு இருக்கிறதா என்று சல்லடைக் கண்ணோடு பாருங்கள். முதலில் நான்கு காலடி ஓட்டம். கடைசி மூன்று காலடியில் கைகள் இடுப்பிலிருந்து காதோரமாக மேலே ஏற வேண்டும். கால் தரையை விடும் முன்பே மேல் கை தலைக்கு நேர் மேலே முழுதாக நீண்டிருக்க வேண்டும். கோல் நுனி மணலில் குத்தியதும் உந்தி, கோலின் ஒரு பக்கமாக உடல் நேராகத் தொங்கிக் கடந்து, இரண்டு காலாலும் மணலில் இறங்க வேண்டும். இவ்வளவுதான். வளைவு, தலைகீழ், திரும்புதல் எதுவும் இப்போதைக்கு இல்லை. கோல் செங்குத்தைக் கடந்து சுலபமாக அந்தப் பக்கம் போய்விட்டால் அடுத்த முறை ஒரு கைப்பிடி மேலே, சுமார் 8 சென்டிமீட்டர். தொடர்ந்து இரண்டு முறை கோல் செங்குத்துக்கு வராமல் நின்றால் ஒரு கைப்பிடி கீழே. இந்த விதியை அவன் வாழ்நாள் முழுதும் கடைப்பிடிக்கலாம். பூப்கா உட்பட எல்லோரும் இதே ஏணியில்தான் ஏறினார்கள்.

உந்தும் கால் எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் யாராவது பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். மேல் கைக்கு நேர் கீழே விழ வேண்டும். அதைவிடக் குழிக்கு நெருக்கமாக விழுந்தால், கோல் தோளைப் பின்னால் வெடுக்கென்று இழுக்கும், இடுப்பு வளையும், வேகம் செத்துவிடும். இளம் வீரர்களின் கீழ் முதுகு வலிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பெட்ரோவ் பூப்காவுக்குக் கற்றுத் தந்ததின் சாரமும் இங்கேதான் இருக்கிறது: கோல் நுனி பெட்டியின் (கோலை ஊன்றுவதற்காக மேட்டுக்கு முன்னால் தரையில் பதித்த பள்ளம்) பின்சுவரில் மோதுவதற்கு ஒரு கணம் முன்பே கால் தரையை விட்டிருக்க வேண்டும். அப்படி உந்துபவர் கோலை வளைப்பதற்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. நெருக்கமாக உந்துபவரோ இடது கையால் கோலைத் தள்ளி வளைக்கப் பார்ப்பார், அதில் உடல் ஊசலாடுவது நின்றுவிடும். வீடியோவில் பார்த்து வளைவின் மேல் ஆசை கொள்ளும் பிள்ளைகள் எல்லோரும் விழும் பள்ளம் இது. தம்பியிடம் ஆறு மாதம் வளைவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மேட்டுக்கு மாறும்போது கோல் தேர்வு வரும். இந்தியப் பள்ளி, கல்லூரி ஸ்டோர் ரூம்களில் பெரும்பாலும் ஒரே ஒரு கோல் இருக்கும், அதை எல்லோரும் தூக்குவார்கள். அது பெரிய ஆபத்து. ஒவ்வொரு ஃபைபர் கோலிலும் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும்: நீளம், அது தாங்கும் உடல் எடை. எடை பெரும்பாலும் பவுண்டில் இருக்கும். 45 கிலோ என்பது 99 பவுண்டு. தம்பிக்கு முதல் வளையும் கோல் பத்தரை அல்லது பதினொரு அடியில், 100 முதல் 110 பவுண்டு வரை குறியிட்டதாக இருக்க வேண்டும். தன் எடையைவிடக் குறைந்த எண் போட்ட கோலில் தாண்டவே கூடாது, முறியும். மறுபக்கம், 13 அடி 150 பவுண்டு கோலை இவன் தூக்கினால் அது இரும்புத் தூண் மாதிரி நின்று, இவனை ஓடிவந்த பக்கமே தள்ளிவிடும். அந்த எடைக் குறி கோலின் உச்சிக்குச் சற்றுக் கீழே பிடிப்பதை வைத்துப் போட்டது என்பதையும் மறக்க வேண்டாம். 15 சென்டிமீட்டர் இறக்கிப் பிடித்தால் கோல் ஏறக்குறைய 10 பவுண்டு கூடுதல் விறைப்பானது போல நடந்துகொள்ளும்.

அந்த இரண்டு எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும், ஃபிளெக்ஸ் எண். கோலை இரு முனையிலும் தாங்கி, நடுவில் 50 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எத்தனை சென்டிமீட்டர் தொய்கிறது என்பது அது. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். ஒரே நீளம், ஒரே எடைக் குறியுள்ள இரண்டு கோல்களில் எது மெது என்று இதை வைத்துத்தான் தெரியும். பெரிய வீரர்கள் ஒரு பையில் எட்டுப் பத்துக் கோல்களைக் கொண்டு போவது இதற்காகத்தான். எதிர்காற்று அடித்தால் விறைப்பு குறைந்தது, பின்காற்றில் உடம்பு சூடேறியதும் விறைப்பானது.

வளரும் பையன் எடை கூடினால் கோல் மாற்ற வேண்டும். கோலுக்காக எடையைக் குறைக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கையில் இருக்கும் ஒரே கோலுக்குப் பொருந்த வேண்டும் என்று பிள்ளைகளைப் பட்டினி போடும் பழக்கம் உண்டு. 13 வயதில் சோறும் கறியும் முட்டையும் பாலும் பணியாரமும் எல்லாமே சாப்பிடட்டும்.

கோலைத் தரையில் போட்டு மிதிக்கக் கூடாது. ஸ்பைக்ஸ் ஆணி பட்டு விழும் ஒரு கீறல் போதும், அடுத்த மாதம் அதே இடத்தில் முறியும். அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். ஒவ்வொரு கோலுக்கும் இயல்பாக வளையும் பக்கம் ஒன்று உண்டு. இரு முனையையும் தாங்கி உருட்டினால் தானாக ஒரு பக்கம் திரும்பி நிற்கும், அதை மார்க்கரால் குறித்து எப்போதும் அந்தப் பக்கமே வளையும்படி பிடிக்க வேண்டும். பிடியில் டேப்பும் கையில் வெள்ளைச் சுண்ணப் பொடியும் விதிப்படி அனுமதிக்கப்பட்டவை.

ஆபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மூடி மறைக்காமல் சொல்வதென்றால், இந்த ஆட்டத்தில் மோசமான காயங்கள் மேட்டுக்கு வெளியே விழுவதிலும், பெட்டியின் விளிம்பில் தலையோ முதுகோ படுவதிலும்தான் வருகின்றன. மேட்டின் நடுவில் விழுபவருக்குக் கணுக்கால் சுளுக்குக்கு மேல் அரிதாகவே நடக்கும். அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி மேட் எப்படி இருக்கிறது என்பது. சர்வதேச விதிப்படி பெரிய போட்டிகளில் மேட் 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. பெட்டியின் இரு பக்கமும் முன்னால் நீளும் பகுதி 2 மீட்டர் இருக்க வேண்டும். உயரம் தாண்டுதலுக்கான மேட்டை இழுத்துப் போட்டுச் சமாளிக்கிறேன் என்று யார் சொன்னாலும் அனுப்பாதீர்கள். அதன் அளவு போதாது, முன்பக்கத்தில் பெட்டிக்கான வெட்டும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பழைய ஃபோம் உள்ளே கட்டியாகிவிடும், எலி குடைந்து பொந்து விட்டிருக்கும். மேலே ஏறி முழங்காலால் அழுத்திப் பாருங்கள். தரை தட்டுப்பட்டால் அந்த மேட் வேண்டாம். துண்டு மேட்டுகளுக்கு நடுவே இடைவெளி தெரியாதபடி மேலே ஒரே விரிப்பு மேட் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். பெட்டி தரை மட்டத்திலிருந்து 20 சென்டிமீட்டர் ஆழம், உள்ளே ஒரு மீட்டர் நீளம், வாயில் 60 சென்டிமீட்டர் அகலம். பின்சுவர் 105 டிகிரி சாய்வாக இருக்கும். மழைக்குப் பிறகு அதில் செம்மண் சேறு தங்கினால் கோல் நுனி வழுக்கி ஏறிவிடும், ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். பெட்டியைச் சுற்றிப் பஞ்சு வைத்த காலர் ஒன்று விற்கிறார்கள். அது இருந்தால் மிக நல்லது.

கிராஸ்பார் நிற்கும் ஸ்டாண்டை பெட்டியின் பின்சுவரிலிருந்து 80 சென்டிமீட்டர் வரை உள்ளே தள்ளி வைக்கலாம். புதியவர்களுக்கு எப்போதும் முழு 80 வையுங்கள். முன்னால் இழுத்து வைத்தால் கிராஸ்பார் செங்குத்தாக மேலே இருப்பதாகத் தோன்றி, பையன் மேட்டுக்குள் போகாமல் மேலே ஏறப் பார்ப்பான், பெட்டியின் மேலேயே இறங்குவான். கோல் நின்றுபோய் உடல் ஓட்டப் பாதை பக்கம் சாய ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் முதுகைத் தள்ளி மேட்டில் சேர்க்க வேண்டும். அதனால் தனியாகத் தாண்டுவது அறவே கூடாது. இறங்கும்போது முதுகு விரிந்து விழ வேண்டும். காலை நீட்டி நிற்கப் பார்க்கக் கூடாது, கீழே வரும் கிராஸ்பாரைப் பிடிக்கவும் கூடாது. ஓடிவரும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றினால் கோலை விட்டுவிட்டு மேட்டுக்குள் ஓடிவிடலாம். அது கோழைத்தனம் இல்லை, நல்ல பயிற்சியாளர்கள் அதையும் தனியாகப் பழக்குகிறார்கள்.

எங்கே போவது? காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே தடகளம் சொல்லித் தரும் ஆசிரியர் ஒருவரைப் பார்த்து, வாரம் ஒருநாள் மணல் குழிப் பயிற்சியை வந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். பள்ளி பி.டி. சாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் இல்லாமல் எந்தப் போட்டிக்கும் பெயர் போகாது. வளையும் கோலும் முழு அளவு மேட்டும் தேவைப்படும் கட்டம் ஒன்றிரண்டு வருடத்தில் வரும். அப்போது திருச்சி, மதுரை, சென்னை போன்ற ஊர்களில் எங்கே கோலூன்றித் தாண்டுதலுக்கென்றே பயிற்சியாளர் இருக்கிறார் என்று விசாரித்து, நேரில் போய் மேட்டையும் கோல் வரிசையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கும். அதில் வேகமும் தாண்டலும்தான் பார்க்கப்படும். அதனால் இந்த இரண்டு வருட வேலை எந்த வகையிலும் வீணாகாது. பூப்காவும் 15 வயதில்தான் ஊரை விட்டார், அவசரம் இல்லை.

தமிழ்நாடு இந்த ஆட்டத்தில் பின்தங்கிய இடம் இல்லை. நம் மாநிலத்தின் வி. எஸ். சுரேகா 2014-ல் 4.15 தாண்டித் தேசிய சாதனை வைத்தார். ரோஸி மீனா பால்ராஜ் 2022-ல் அதை 4.21 ஆக்கினார். ஆண்களில் தமிழ்நாட்டிலிருந்து இராணுவத்துக்குப் போன சிவா சுப்பிரமணியம் 2022 தேசிய விளையாட்டில் 5.31 தாண்டினார். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் தேவ் மீனா 5.32, பிறகு 5.35 என்று அதைக் கடந்தார். 2024 ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி உயரம் ஆண்களுக்கு 5.82, பெண்களுக்கு 4.73. இடைவெளி அரை மீட்டர் அளவில் இருக்கிறது. அதன் பெரும்பகுதி திறமைக் குறைவால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. 12 வயதில் முழு அளவு மேட்டும், எடைக்கேற்ற பத்துக் கோல்களும் கிடைக்கும் இடங்கள் நாட்டில் மிகச் சில. ஒரு கோல் பல பத்தாயிரம் ரூபாய், பெரும்பாலும் இறக்குமதி. ஒரு பையன் வளர வளர ஆண்டுக்கு ஒன்றிரண்டாவது மாற்ற வேண்டும். தனியாக வாங்குவது பெரும்பாலான குடும்பங்களுக்கு முடியாத காரியம். மூன்று நான்கு பள்ளிகள் சேர்ந்து 100, 110, 120, 130 பவுண்டு என்று ஒரு வரிசை வாங்கிச் சுற்றில் விட்டால் நடக்கும். செட்டிநாட்டில் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு, அப்படி ஒருவரிடம் மேட்டும் கோலும் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

போட்டிக்குப் போகும் நாள் வந்தால் கோலை எப்படிக் கொண்டுபோவது என்பதே ஒரு வேலை. நான்கு மீட்டர் கோல் பஸ்ஸிலும் ரயில் பெட்டிக்குள்ளும் சிரமம். பிளாட்பாரத்தில் போய் நின்று பேசுவதைவிட, முன்கூட்டியே ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. வேனின் மேல் கட்டினால் மூன்று இடத்தில் கட்டுங்கள், நடுவிலும் தாங்கல் வேண்டும். பழைய போர்வை சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் குழாயிலோ கான்வாஸ் பையிலோ போடுங்கள். நைலான் கயிறு நேரடியாகக் கோலில் உராயக் கூடாது.

போட்டியில் தொடங்கும் உயரத்தைத் தம்பியின் விருப்பத்துக்கு விட வேண்டாம். பயிற்சியில் பத்துக்கு ஒன்பது முறை தாண்டும் உயரம் எதுவோ, அங்கே தொடங்கட்டும். அடுத்தடுத்து மூன்று தவறு ஆட்டத்தை முடித்துவிடும். இரண்டு பேர் ஒரே உயரத்தில் நின்றால் கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யாருக்குத் தவறு குறைவு என்று பார்ப்பார்கள், அதிலும் சமமானால் மொத்தத் தவறுகளைப் பார்ப்பார்கள். சீக்கிரம் சுத்தமாகத் தாண்டியதற்கு அங்கே மதிப்பு உண்டு. வழக்கமாக ஒரு முயற்சிக்கு ஒரு நிமிடம். ஓட்டத்தின் தொடக்கக் குறியை டேப்பால் ஒட்டி வைத்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, எதிர்காற்று என்றால் குறியை ஒரு பாதம் முன்னால் நகர்த்திக்கொண்டு ஓடட்டும். கோல் போட்டியில் முறிந்தால் அது தவறாகக் கணக்கில் வராது, வேறு கோலை எடுத்து மறுபடி தாண்டலாம். அதற்கு இரண்டாவது கோல் கையில் இருக்க வேண்டும்.